பார்க்காத பாடத்துக்கு நாற்பத்தைந்து

செய்முறைத் தேர்வின் மதிப்பெண் பட்டியலைச் சனிக்கிழமை காலையில் சுவரில் ஒட்டினார்கள். கமலவேணிக்கு நாற்பத்தைந்து. போன வருடமும் நாற்பத்தைந்துதான், அதற்கு முந்தின வருடமும் அதேதான். தேறுவதற்கு ஐம்பது வேண்டும். ஒருத்தி மூன்று வருடமாக ஒரே எண்ணில் நிற்கிறாள் என்றால், ஒன்று அவள் சரியான மண்டு, இல்லையென்றால் மதிப்பெண் போடுகிறவர் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு போடுகிறார். கமலவேணி மண்டு இல்லை. எழுத்துத் தேர்வுகளில் வகுப்பில் மூன்றாவதாக வருகிறவள்.

காட்டுக்குள் போன கம்யூனிஸ்டுகளை அடக்க மலாயாவில் வெள்ளைக்காரர்கள் போட்ட அவசரகாலம் தொடங்கி நான்கு வருடம் ஆகியிருந்தது. பயிற்சி இல்லாமலே பாடம் நடத்திக்கொண்டிருந்த தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்காக மலாக்கா டவுனில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தை இரவல் வாங்கி, சனிக்கிழமைதோறும் பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். மொத்தம் நாற்பது பேர். முப்பத்தைந்து பேர் டவுன் பள்ளிக்காரர்கள், ஐந்து பேர் தோட்டத்துப் பள்ளிக்காரர்கள். பட்டியலில் டவுன்காரர்களுக்கு ஐம்பத்திரண்டு, அறுபத்தேழு, எழுபத்தெட்டு என்று விதவிதமாக இருந்தது. தோட்டத்து ஐவருக்கும் ஒரே நாற்பத்தைந்து. ஒரே அச்சில் வார்த்த செங்கல்லில்கூட ஒன்றிரண்டு மூளியாக வரும்.

விரிவுரையாளர் பாலகிருஷ்ணன் மேசையில் உட்கார்ந்து பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, வெள்ளை உடுப்பு, காலில் பூட்ஸ், எந்த நாளும் கைவிடாத ஒரு குடை. கமலவேணி நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், எனக்கு நாப்பத்தஞ்சு போட்டிருக்கீங்க."

"ஆமாம்மா."

"என் பாடத்த நீங்க பாக்கவே இல்லியே சார். செய்முறைத் தேர்வுன்னா எங்க ஸ்கூலுக்கு வந்து ஒரு பாடம் முழுக்க ஒக்காந்து பாக்கணும்ல?"

"பாக்கணும். பாக்கல. அதான் நாப்பத்தஞ்சு." மை புட்டியை மூடினார். "பாக்காம அம்பது போட்டா அது பொய். பாக்காம சுழி போட்டா அது பாவம். ரெண்டுக்கும் நடுவுல, மனசாட்சிக்கு விரோதமில்லாம, நாப்பத்தஞ்சு."

"சுழிக்கும் அம்பதுக்கும் நடுவுல இருபத்தஞ்சு சார்."

"மிச்ச இருபது நான் எரக்கப்பட்டுப் போட்டதும்மா."

அயோக்கியனோடு சண்டை போடலாம். இப்படி ஒரு கொள்கை வைத்துக்கொண்டு யோக்கியமாக இருக்கிறவரோடு சண்டை போடுவது, சுவரில் போய் முட்டிக்கொள்வதுதான். ஆனால் கமலவேணிக்கு முட்டாமல் இருக்க முடியாது. அவள் சுபாவம் அப்படி.

"எங்க தோட்டத்துக்கு ஒரு நாள் வந்து பாருங்க சார்."

"ஏப்ரல் மாசம் டுரியான் துங்கால் ரோட்டுல ஒரு தொரையோட காரைச் சுட்டாங்க. ஒங்களுக்கே தெரியும். எனக்கு நாலு பொம்பளப் புள்ளைங்கம்மா."

"அந்த ரோட்டுல நாங்க வாராவாரம் வர்றோம்லா சார்?"

"ஒங்களுக்குப் பழக்கம்மா" என்றார் பாலகிருஷ்ணன். அவர் அதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. உயிர் யாருக்கும் வெல்லக்கட்டிதான், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

பிள்ளைகளை இங்கே கூட்டிவந்து பாடம் நடத்தினால் பார்ப்பீர்களா என்று கமலவேணி கேட்டாள். அவர் மேசை இழுப்பறையிலிருந்து விதிமுறைப் புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். பாடத்தைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது, எங்கே வைத்துப் பார்க்க வேண்டும் என்று இல்லை. அடுத்த சனிக்கிழமை பத்து மணி என்று குறித்துக்கொண்டார். தலைப்பு, "நாம் உண்ணும் உணவு". உண்மையான பொருள்களைக் காட்டிப் பாடம் நடத்த வேண்டும், அதற்குத் தனியாக இருபது மதிப்பெண்.

மூன்றாவது வருடமும் தேறாதவர்களின் பேரை மாத முடிவில் கல்வி இலாகா அடித்துவிடும். பேர் அடிபட்டால் பள்ளிக்கூடத்திலும் இடம் கிடையாது என்று தோட்டத்துத் துரை முன்பே சொல்லியிருந்தார். கமலவேணி பன்னிரண்டு வயதிலிருந்து பதினேழு வயதுவரை ரப்பர் எடுக்கப் பால்மரம் சீவியவள். மறுபடியும் விடியும் முன்னால் எழுந்து உளியைத் தூக்கிக்கொண்டு போக அவளால் முடியும். போக இஷ்டமில்லை. இருபத்தெட்டுப் பிள்ளைகள், ஒரு கரும்பலகை, மழை பெய்தால் ஒழுகுகிற ஒரு கொட்டகை, இவ்வளவுதான் அந்தப் பள்ளிக்கூடம். அதை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

பிள்ளைகளை டவுனுக்குக் கூட்டிப்போவது என்று வாயால் சொல்லிவிட்டாள். அவள் இருந்த கல்லுமலைத் தோட்டத்தில் அது சுலபமான காரியமில்லை. ஒரு வருடத்துக்கு முன்னால் தொழிலாளர்களின் லயத்து வீடுகளையெல்லாம் பிரித்து, எல்லாரையும் ஒரே முள்வேலிக்குள் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று அரிசி, பருப்பு, கருவாடு எதுவும் வேலியைத் தாண்டத் தடை. ஒரே ஒரு கேட். வெளியே போகிறவர்கள் எல்லாரும் அங்கே நின்று சோதனை கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். தோட்ட எல்லையைத் தாண்டுவதென்றால் ஆபீஸ் பாஸும் வேண்டும்.

ஆபீசில் கணக்கு எழுதுகிற தங்கராஜு கிராணி இரண்டு கட்டுப் பாரங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஆள் வெளிய போக ஒரு பாரம், சாமான் வெளிய போக ஒரு பாரம் டீச்சர். ஆள் பாரத்துல அடையாளக் கார்டு நம்பர் கேக்குது. பன்னெண்டு வயசுக்குக் கீழ கார்டு கெடையாது. கார்டு இல்லாத ஆள நான் எப்படி வெளிய விடுறது?"

"அப்ப சாமான் பாரத்துல எழுதுங்க" என்றாள் கமலவேணி, வந்த எரிச்சலில்.

தங்கராஜு யோசித்தார். பிறகு சாமான் பாரத்தை எடுத்து, உருப்படி பதினாலு என்று எழுதினார். எடை என்ற இடத்தில் கொஞ்ச நேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு ஒரு கோடு போட்டார். காரணம் என்ற இடத்தில் "பார்வைக்கு" என்றும், கடைசியில் "திரும்பக் கொண்டுவரப்படும்" என்றும் எழுதி முத்திரை குத்தினார். லாரியில் இடமில்லாததால் இருபத்தெட்டில் பதினான்குதான். மனிதர் நல்லவர், வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

உண்மையான பொருள்களுக்கு வழியில்லை. கேட்டில் பெண்களையும் பெண்பிள்ளைகளையும் சோதிக்க வைத்திருந்த குஞ்சம்மாவிடம், ஒரு கைப்பிடி அரிசி, பாடத்துக்குத்தான், என்று கமலவேணி கெஞ்சிப் பார்த்தாள். "ஒரு மணிகூட விடமாட்டேன் டீச்சர், அப்புறம் நான்தான் கம்பி எண்ணணும்" என்றாள் குஞ்சம்மா. அதனால் பழைய அட்டைப்பெட்டிகளை வெட்டி, சுண்ணக்கட்டியால் மீன், வாழைப்பழம், முட்டை எல்லாம் வரைந்தாள். அரிசியைத்தான் வரைய வரவில்லை. எப்படிப் போட்டாலும் மழை பெய்கிற மாதிரி இருந்தது.

சனிக்கிழமை ரேஷன் அரிசி ஏற்றப் போகிற லாரியில், துப்பாக்கி வைத்திருந்த இரண்டு காவல்காரர்களுக்கு நடுவில் பதினான்கு பேரும் ஏறினார்கள். ஐந்து மணிக்குக் குடித்த கஞ்சிதான் அவர்களுக்கு அன்றைய சாப்பாடு. கட்டுச்சோறுதான் கேட்டைத் தாண்டாதே. மலாக்கா வந்துசேரும்வரை பாடிக்கொண்டும் அடித்துக்கொண்டும் வந்தார்கள். அதில் ஏழு வயசு முனியாயியின் வாய் மட்டும் ஒரு நிமிஷம்கூட மூடவில்லை.

பாலகிருஷ்ணன் வகுப்பறை வாசலில் ஒரு மேசையைப் போட்டு, பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். உள்ளே வருகிற பிள்ளைகளை எண்ணிப் பேர் எழுத வேண்டும் என்பது அவர் வழக்கம். லாரியிலிருந்து குதித்து ஓடிவந்த பிள்ளைகள் அந்த மேசையைப் பார்த்தார்கள். ஒரு வாசல், ஒரு மேசை, பூட்ஸ் போட்ட ஓர் ஆள், கையில் புத்தகம்.

சத்தம் அப்படியே அடங்கிப்போயிற்று. யாரும் சொல்லாமலே பையன்கள் இந்தப் பக்கம், பெண்பிள்ளைகள் அந்தப் பக்கம் என்று இரண்டு வரிசையாகப் பிரிந்தார்கள். பைகளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சிலேட்டையும் பலப்பத்தையும் காலடியில் பரப்பினார்கள். பிறகு பதினான்கு பேரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வாயைத் திறந்துகொண்டு நின்றார்கள்.

பள்ளிக்கூடக் கொட்டகை முள்வேலிக்கு வெளியே இருந்தது. ஒவ்வொரு நாள் காலையிலும் பள்ளிக்கூடம் வர அவர்கள் கேட்டைத் தாண்ட வேண்டும், தாண்டுமுன் இதைத்தான் செய்ய வேண்டும். வாயில் சர்க்கரையை அடக்கிக்கொண்டு போன ஒரு பையனைப் பிடித்த பிறகு வாயும் சேர்ந்துகொண்டது. வாசலில் ஆள் நின்றால் எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பாவம், வேறு ஊரை அவர்கள் பார்த்ததில்லை.

பாலகிருஷ்ணன் அசந்துபோய்விட்டார். இருபது வருட அனுபவத்தில் அவர் பார்த்த பிள்ளைகள் எல்லாம் பட்டியைத் திறந்துவிட்ட ஆடு மாதிரிதான் வகுப்புக்குள் நுழைவார்கள். அவர் ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்து, பதிவேட்டில் ஏதோ எழுதினார்.

"கைய எறக்குங்க" என்றாள் கமலவேணி மெதுவாக. ஒருவரும் இறக்கவில்லை. அவர் தலையை ஆட்டிய பிறகுதான் கைகள் இறங்கின.

பாடம் தொடங்கியது. கமலவேணி அரிசி அட்டையைத் தூக்கிக் காட்டி, இது என்ன என்று முனியாயியைக் கேட்டாள். அட்டையில் இருப்பது மழை இல்லை, அரிசிதான் என்று முந்தின நாளே நான்கு தடவை சொல்லிப் பழக்கியிருந்தாள். முனியாயி அட்டையைப் பார்த்தாள். மூலையில் உட்கார்ந்திருந்த பூட்ஸ்காரரைப் பார்த்தாள்.

"தெரியாது டீச்சர்."

மீனைக் காட்டினால் தெரியாது. முட்டையைக் காட்டினால் தெரியாது. பாலகிருஷ்ணன் எழுந்து வந்து, அன்பாகக் குனிந்து, "காலையில என்னம்மா சாப்ட்டே?" என்று கேட்டார். "தெரியாது சார்." "வீட்டுல யாரு சமைக்கிறா?" "தெரியாது சார்." பசியில் கண் மீன் அட்டையிலேயே இருந்தது, வாய் மட்டும் தெரியாது என்றது. மாடு என்ன தின்னும் என்று கமலவேணி கடைசியில் கேட்டாள். "புல்லு" என்று பதினான்கு பேரும் கூரை அதிரக் கத்தினார்கள். புல்லுக்கு ரேஷன் கிடையாது.

போன வருடம் இதே பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன், எங்கள் வீட்டில் இரண்டு டின் அரிசி இருக்கிறது என்று கேட்டில் பெருமையாகச் சொன்னான். அவன் அப்பாவைப் பிடித்துக்கொண்டுபோய்ப் பதினோரு நாள் வைத்திருந்தார்கள். அதிலிருந்து தோட்டத்தில் ஒவ்வொரு தாயும், பூட்ஸ் போட்ட ஆள் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டால் தெரியாது என்று சொல் என்று பிள்ளைகளுக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தாள். கமலவேணி சொல்லிக்கொடுத்த பாடங்களைவிட அது நன்றாகப் பதிந்திருந்தது.

நாற்பது நிமிடம் முடிந்ததும் பாலகிருஷ்ணன் அவளைத் தனியாக அழைத்து மதிப்பெண்ணைப் படித்தார். பாடத்துக்கு நாற்பதில் பன்னிரண்டு, மாணவர்களுக்கு அடிப்படைப் பொது அறிவு இல்லை. கரும்பலகை வேலைக்கு இருபதில் பதினான்கு. துணைப்பொருளுக்கு இருபதில் ஐந்து, அரிசி மழைபோல் இருக்கிறது. ஒழுங்குக்கு இருபதுக்கு இருபது. மொத்தம் ஐம்பத்தொன்று.

"இருபதுக்கு இருபது நான் யாருக்கும் போட்டதே இல்லம்மா. எப்படிப் பழக்கினீங்க?"

கமலவேணி வாயைத் திறந்தாள். ஐம்பத்தொன்று என்ற எண் பதிவேட்டில் ஈரம் காயாமல் இருந்தது.

"தெனமும் செய்யிறதுதான் சார்" என்றாள். அது பொய்யில்லை.

"அடுத்த சனிக்கிழமை இத நம்ம வகுப்புக்கே நீங்க சொல்லிக்குடுக்கணும். எல்லாரும் கத்துக்கட்டும். அதுக்குப் பெறகு பட்டியல இலாகாவுக்கு அனுப்பிடுறேன்."

ஊரடங்குக்கு முன்னால் போய்ச்சேர வேண்டும் என்று லாரி இரண்டு மணிக்கே கிளம்பிவிட்டது. பிள்ளைகள் அரிசி மூட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தார்கள். முனியாயி கமலவேணியின் மடியில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"டீச்சர், அந்த சாரு நம்மளத் தடவிப் பாக்கவே இல்லியே. மறந்துட்டாரா?"

"அவரு அந்த மாதிரி சாரு இல்ல."

"அப்ப ஏன் நம்மளப் பாத்துப் புஸ்தகத்துல எழுதுனாரு?"

கமலவேணிக்கு அவமானமாக இருந்தது. முதலில் அந்த மனுஷன்மேல் கோபம் வந்தது. டுரியான் துங்கால் வருவதற்குள் அது தன்மேலேயே திரும்பிவிட்டது. பன்னிரண்டும் அநியாயம், இருபதும் அநியாயம். பாதகமான அநியாயத்துக்கு மட்டும் மேசை முன்னால் போய் நிற்பேன், சாதகமானதை மடியில் கட்டிக்கொண்டு போவேன் என்றால் அது என்ன நியாயம்? ஆனால் வாயைத் திறந்தால் வேலை போய்விடும். அந்த வாரம் முழுவதும், பேசாமல் இருந்துவிடுவோம் என்றுதான் முடிவு செய்துகொண்டிருந்தாள். ஒரு முடிவை ஏழு நாளும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது என்பதுதான் சங்கடம்.

அடுத்த சனிக்கிழமை முப்பத்தொன்பது பேரும் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் சாமிநாதன், டவுன் பள்ளி ஆசிரியர், நல்ல பருமன், காலடியில் மூன்றடுக்குத் தூக்குப்பாத்திரம். நோட்டின் மேலே "ஒழுங்கு" என்று எழுதி அடியில் கோடும் போட்டிருந்தார்.

"சொல்லுங்க டீச்சர். கை தூக்குறது மொதல்லயா, பைய கொட்டுறது மொதல்லயா? நம்ம ஸ்கூல்ல திங்கக்கெழமையிலேர்ந்து ஆரம்பிச்சிரலாம்னு இருக்கேன்."

டவுன் பிள்ளைகள் வரிசையில் கை தூக்கிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு நிற்பது கமலவேணியின் கண்முன் வந்தது. இந்த மனுஷன் செய்துவிடுவார், சந்தேகமே இல்லை. ஏழு நாளாகச் செய்துவைத்த முடிவு அந்த இடத்தில் அறுந்துபோயிற்று.

"எல்லாரும் பைய எடுத்துக்கிட்டு வெளிய போங்க" என்றாள். "சொல்லிக்குடுத்தா வராது. செஞ்சு பாக்கணும்."

சிரித்துக்கொண்டே போனார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. பெண்களைச் சோதிக்க அவள் நின்றாள். ஆண்களுக்கு முனியாண்டியைக் கூப்பிட்டாள். அவரும் தோட்டத்துப் பள்ளிக்காரர், அவருக்கு ஒன்றும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பாலகிருஷ்ணன், மாணவர் நிலையில் இருந்து பார்ப்பது நல்லதுதான் என்று சொல்லி, குடையோடு ஆண்கள் வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

பைகள் கவிழ்ந்தன. தோசை, தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக், வடை, அவித்த முட்டை என்று மேசைமேல் ஏறிக்கொண்டே போயிற்று. கைகளைத் தூக்கச் சொன்னபோதும் சிரித்தார்கள். முனியாண்டி கக்கத்திலும் இடுப்பிலும் தடவ ஆரம்பித்தபோது சிரிப்பு குறைந்தது. "வாயத் தொறங்க" என்று சாமிநாதனிடம் சொன்னபோது யாருமே சிரிக்கவில்லை.

"சோறு யாருக்குக் கொண்டு போறீங்க?" என்று முனியாண்டி கேட்டார்.

"எனக்குத்தான், மத்தியானத்துக்கு."

"ஒரு ஆளுக்கு மூணு அடுக்கா? வெளிய யாருக்குக் குடுக்கப் போறீங்க?"

"இல்ல சார், நெசமாவே..."

"வீட்டுல எத்தன பேரு? இன்னிக்கு எவ்வளவு அரிசி போட்டாங்க?"

சாமிநாதன் தூக்கிய கைகளோடு இரண்டு பக்கமும் பார்த்தார். அவர் முகம் வியர்த்திருந்தது. இது விளையாட்டு என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், "தெரியாது" என்றார்.

"இப்படித்தான் சார்" என்றாள் கமலவேணி, வரிசையின் கடைசியைப் பார்த்து. "எங்க புள்ளைங்க தெனம் காலையில ஸ்கூலுக்கு வரணும்னா கேட்டுல இப்படி நிக்கணும். நான் ஒண்ணும் பழக்கல. நீங்க இருபது போட்டது அந்த வேலிக்கு. சாப்பாட்டப் பத்திக் கேட்டா அவங்க வாயத் தொறக்க மாட்டாங்க. அதுக்குத்தான் பன்னெண்டு போட்டீங்க."

பாலகிருஷ்ணன் கைகளை இறக்கினார். உள்ளே போய் மேசையில் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்தார். பன்னிரண்டை அடித்தார், பதினான்கை அடித்தார், ஐந்தை அடித்தார், இருபதை அடித்தார்.

"அன்னிக்கு நான் இந்த ரூம்புலதான் இருந்தேன்" என்றார். "ஆனா பாடத்தப் பாக்கலம்மா. பாக்காத பாடத்துக்கு என்ன மார்க்குன்னு ஒங்களுக்குத் தெரியும்." நாற்பத்தைந்து என்று எழுதினார்.

தவளை தன் வாயால் கெட்டது என்று கமலவேணி நினைத்தாள். கெட்டதுதான் கெட்டோம், சரியான காரணத்துக்குக் கெட்டோம் என்று சமாதானம் சொல்லிப் பார்த்தாள். சமாதானம் ஆகவில்லை.

பாலகிருஷ்ணன் பேனாவை மூடிவிட்டு நிமிர்ந்தார். "செவ்வாய்க்கெழமை ஒங்க பக்கம் மொத பஸ் எத்தன மணிக்கு?"

அன்று மத்தியானம் சாமிநாதன் தன் தூக்குப்பாத்திரத்தின் நடு அடுக்கை முனியாண்டி பக்கம் தள்ளினார். தோட்டத்திலிருந்து வருகிற ஐந்து பேர் சனிக்கிழமைகளில் ஏன் சாப்பாடு கொண்டுவருவதில்லை என்று இந்த ஒரு வருடத்தில் யாரும் கேட்டதில்லை. விரதமாக இருக்கும் என்று நினைத்திருந்தார்களாம்.

செவ்வாய்க்கிழமை பாலகிருஷ்ணன் வந்தார். டுரியான் துங்காலில் பஸ்ஸைவிட்டு இறங்கி, தோட்டத்து லாரியில் காவல்காரர்களுக்கு நடுவில் குடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து, வேலிக்குள் இருந்த ஆபீசில் கையெழுத்துப் போட்டார். லாரியில் வந்த நான்கு மைலுக்குள் அவர் உடுப்பு முழுக்க நனைந்திருந்தது, மழை பெய்யவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போக அவரும் கேட்டைத்தான் தாண்ட வேண்டும். பிள்ளைகளோடு வரிசையில் நின்றார். முனியாயி பக்கத்து வரிசையிலிருந்து அவரைத் திரும்பிப் பார்த்து, "இன்னும் மேல சார்" என்றாள். அவர் இன்னும் மேலே தூக்கினார். மனைவி கட்டிக்கொடுத்த இரண்டு வடையைக் காவல்காரர் எடுத்து மேசைமேல் வைத்தார்.

தடவப்பட்ட மனுஷன் என்றால் நம்ம ஆள். பிள்ளைகள் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். கொட்டகைக்குள் போனதும், அவர் கால்களில் பூட்ஸ் இருந்தது அவர்களுக்கு மறந்தே போய்விட்டது. கமலவேணி அரிசி அட்டையைத் தூக்கினாள், அவ்வளவுதான். முனியாயி தன் வீட்டில் முந்தின நாள் சோறு குழைந்துபோனதையும், அதற்கு அப்பா என்ன சொன்னார், அம்மா திருப்பி என்ன சொன்னாள் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கருவாடு பெரிசா மீன் பெரிசா என்று இரண்டு பையன்கள் அடித்துக்கொண்டார்கள். ஒருத்தி முட்டை தன் தம்பிக்கு மட்டும்தான் கிடைக்கிறது என்று அழுதாள். எது உடம்புக்கு வலு, எது சும்மா வயிற்றை நிரப்புவது என்று கமலவேணி கேட்க, இருபத்தெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள், பெரும்பாலும் சரியாகவே சொன்னார்கள். பாலகிருஷ்ணன் இரண்டு தடவை "அமைதி, அமைதி" என்றார். யார் காதிலும் விழவில்லை.

முடிந்ததும் மதிப்பெண்ணைப் படித்தார். பாடத்துக்கு நாற்பதில் முப்பத்தாறு. கரும்பலகைக்குப் பதினான்கு. துணைப்பொருளுக்கு ஐந்து, அரிசி இன்னும் மழைபோல்தான் இருக்கிறது. ஒழுங்குக்கு இருபதில் ஏழு. மொத்தம் அறுபத்திரண்டு. மற்ற நான்கு தோட்டங்களுக்கும் மாத முடிவுக்குள் போகப்போவதாகச் சொன்னார். சொல்லிவிட்டுக் குடையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஒழுங்கு ரொம்ப மோசம்மா" என்றார். "ஏழே ஜாஸ்தி. இதுல ஒங்களுக்கு ஏதும் ஆட்சேபம் உண்டா?"

"இல்ல சார்" என்றாள் கமலவேணி.

கையெழுத்துப் போட பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினார். வேலை நிலைத்துவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் கண் மொத்தத்துக்குப் போகாமல் அந்த ஏழிலேயே நின்றது. மூன்று வருடத்தில் அவள் பிள்ளைகளுக்குக் கிடைத்த மதிப்பெண்களில் அவளுக்கு மிகவும் பிடித்தது அதுதான். பின்னால் இருபத்தெட்டுப் பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களை அடக்கவில்லை.